நகராத கேமரா, நகரும் ஊர்

ஸ்கிராட்ச் மென்பொருளில் மாணவர்கள் உருவாக்கும் பேருந்து, திரையின் இடது ஓரத்தில் கிளம்பி வலது ஓரத்தில் முட்டி நின்றுவிடும்; கதையும் அங்கேயே முடிந்துவிடும். மேடையின் அகலம் 480, உயரம் 360 அலகுகளே. அதைவிடப் பெரிய ஊரைக் காட்ட, ஒரு மெய்நிகர் கேமராவை மாணவர்களைக் கொண்டே செய்ய வைக்கிறேன்.

இதன் அடிப்படை எளியது. ரயிலில் போகும்போது மரங்கள் பின்னோக்கி ஓடுவதுபோலத் தெரியும் அல்லவா? அதுபோல, கேமரா வலப்பக்கம் போவதாகக் காட்ட, பொருள்களை இடப்பக்கம் நகர்த்த வேண்டும்.

முதலில், எல்லா உருக்களுக்கும் பொதுவாக ‘கேமரா’ என்ற மாறியை உருவாக்குங்கள். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும், அந்த உருவுக்கு மட்டும் உரிய ‘இடம்’ என்ற மாறியைக் கொடுங்கள். விதி இதுதான்:

திரை நிலை = இடம் − கேமரா

மரத்தின் இடம் 600 என்க. கேமரா 500 எனில் மரம் 100-இல் தெரியும். 600 எனில் நடுவில். 700 எனில் −100-இல். இக்கணக்கைத் தொடர்ந்து இயங்கும் கட்டளைக்குள் வையுங்கள். வலது அம்புக்குறியை அழுத்தினால் கேமராவின் மதிப்பு 5 கூடட்டும். பேருந்து நடுவிலேயே நிற்கும், ஊர் நகரும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்கிராட்ச் எந்த உருவையும் மேடையை விட்டு முழுதாக வெளியேற விடாது. அதன் ஒரு துண்டு ஓரத்தில் ஒட்டி நிற்கும். எனவே, கணக்கிட்ட நிலை மேடை எல்லையைத் தாண்டினால் உருவை மறைக்கவும், உள்ளே வந்தால் காட்டவும் கட்டளை சேருங்கள்.

தொலைவிலுள்ள மலை மெதுவாக நகர வேண்டுமா? அதற்கு மட்டும் கேமரா மதிப்பை 0.2-ஆல் பெருக்கிக் கழியுங்கள். டிஸ்னி நிறுவனம் 1937-இல் வெளியிட்ட ‘தி ஓல்டு மில்’ குறும்படத்தில், படங்களைப் பல அடுக்குகளாக வைத்து, வெவ்வேறு வேகத்தில் நகர்த்தி இதே ஆழத்தைக் காட்டினார்கள்.

முழுக்களின் கழித்தலில் தடுமாறும் குழந்தைக்கு இது நல்ல பயிற்சி. கழித்தலுக்குப் பதில் கூட்டலைப் போட்டால் மரமும் பேருந்து போகும் திசையிலேயே ஓடும். சிவப்பு மையின்றித் திரையே பிழையைக் காட்டிவிடும். இயக்குவதற்கு முன் கேளுங்கள்: “மரம் −100-இல், கேமரா 300-இல் இருந்தால் மரம் தெரியுமா?” விடையைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே இயக்கட்டும். ஒன்பதாம் வகுப்பு என்றால் உயரத்துக்கும் ஒரு மாறி சேருங்கள். ஆயத்தொலை வடிவியலுக்கு அதுவே நல்ல முன்னுரை.