அப்பாவின் மாருதிக்கு விலை வைக்கும் துரு

"அப்பா ஓட்டிய மாருதி 800 வாசலில் நிற்கிறது. இன்னும் பத்து வருடம் வைத்திருந்தால் நல்ல விலைக்குப் போகும் என்கிறார்கள். வைத்திருக்கலாமா, காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா?" 15 ஆண்டு தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு ஏறியது முதல் இந்தக் கேள்வி பல வீடுகளில் எழுகிறது. யூடியூபைத் திறந்தால் பதில் ஆயத்தமாக இருக்கிறது: இந்தக் கார் உங்களிடம் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி! அதை நம்பி வண்டியை வெயிலிலும் மழையிலும் நிறுத்திவைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால், இந்தப் பேச்சைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சாதாரணக் கார்கள் பெரும் விலைக்குப் போனது உண்மைதான். 2005-இல் ஜெர்மனியில் ஓர் இளைஞர் 1999-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஒன்றை 9,500 யூரோவுக்கு வாங்கினார். ஆவணத்தில் முந்தைய உரிமையாளராக இருந்த பெயர் யோசெப் ராட்சிங்கர். அந்த ஆண்டு ஏப்ரலில் ராட்சிங்கர் போப் பதினாறாம் பெனடிக்ட் ஆனார். மே மாதம் இபே ஏலத்தில் அதே கோல்ஃப் 1,88,938 யூரோவுக்கு விற்றது. போப் இரண்டாம் ஜான் பால் கர்தினாலாக இருந்த காலத்தில் வைத்திருந்த 1975 ஃபோர்டு எஸ்கார்ட்டும் அதே ஆண்டில்தான் அமெரிக்க ஏலத்துக்கு வந்து 6,90,000 டாலருக்குப் போனது. இரண்டு முறையும் பணம் கொடுக்கப்பட்டது ஆவணத்தில் இருந்த பெயருக்கு.

பிரபலத்தின் பெயர் இல்லாமல் ஏறிய கார்களும் உண்டு. டொயோட்டா 1983 முதல் 1987 வரை செய்த பின்சக்கர இழுவை கொரோலாவின் ஆலைக் குறியீடு ஏஇ86. பெரிய விலையில்லாத சின்னக் கார். 1995-இல் தொடங்கிய 'இனிஷியல் டி' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையில், தோஃபு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் மலைப்பாதையில் ஓட்டும் வண்டியாக அது வந்தது. அந்தக் கதையைப் படித்து வளர்ந்தவர்கள் கையில் காசு புரளத் தொடங்கியதும், நல்ல நிலையில் உள்ள ஏஇ86 புதிதாக விற்ற விலையைத் தாண்டிப் போனது. இளமையில் ஏங்கிய வண்டியை நடுவயதில் வாங்குவதுதான் இந்தச் சந்தையின் பெரும் உந்துதல். மறுபக்கம், ஃபோர்டின் மாடல் டி ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டது. நூறு வயது கடந்தும் அமெரிக்காவில் ஒரு நல்ல மாடல் டி-யைப் புதுக் கார் ஒன்றின் விலைக்குள் வாங்கிவிடலாம். வயது மட்டும் விலையாகாது.

பித்தளைப் பாத்திரத்தின் கதையை நினைத்தால் இது எளிதாகப் புரியும். 1970, 80-களில் தமிழ்நாட்டு வீடுகள் பித்தளை அண்டாவையும் வெண்கலப் பானையையும் எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வருக்கு மாறின. எல்லோரும் ஒரே சமயத்தில் வேண்டாம் என்று தள்ளியதால்தான் மிஞ்சியவை அரிதாயின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இன்று அவற்றை யாரும் எடை பார்த்து விற்பதில்லை. இந்த ஒப்பீடு வெகுதூரம் வரும். பாத்திரத்தில் வெட்டிய பெயரும் தேதியும்தான் காரின் ஆர்.சி. புத்தகம், பாத்திரம் யாருடையது, எந்தக் கல்யாணத்துச் சீர் என்று தெரிந்தால் மதிப்பு கூடும். மூடி தொலைந்த தூக்குவாளிக்கு விலை இறங்கும். அசல் ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டு அலங்கார ஸ்டீயரிங் போட்ட காருக்கும் அப்படியே. உள்ளே பூசிய ஈயம் தகட்டில் பூசும் துத்தநாகம். ஓட்டைக்கு ஒட்டுப் போட்ட குடம், டிங்கரிங் பட்டறையில் பட்டி வைத்து மெழுகிய கதவு. எல்லார் வீட்டிலும் இருந்த டம்ளரைக் கடைக்காரர் கண்டுகொள்ள மாட்டார். விசேஷத்துக்கு மட்டும் இறக்கும் பெரிய அண்டாவைத் தேடி வருவார். பரணில் ஏறியது பிழைத்தது, கொல்லையில் உருண்டது நசுங்கியது. ஆனால், பரணில் நாற்பது ஆண்டு கிடந்த பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால் மின்னும். வாசலில் நாற்பது மாதம் நின்ற கார் மின்னாது. பித்தளையின் மேல் படியும் களிம்பு அடியில் உள்ள உலோகத்துக்குப் பெரும்பாலும் காப்பாகிவிடுகிறது. இரும்பின் துரு யாரையும் காப்பதில்லை.

இரும்பும் நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு என்பது எல்லோரும் படித்தது. அந்தப் பாடம் விட்டுவிட்ட ஒரு விஷயம் இருக்கிறது, மிக அழகான விஷயம். துரு இரும்பைத் தின்பது ஆக்சிஜன் நிறைய இருக்கும் இடத்தில் அல்ல, அது குறைந்த இடத்தில்.

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதியை நம் மெக்கானிக்குகள் ரன்னிங் போர்டு என்பார்கள். இரண்டு தகடுகளை ஓரத்தில் சேர்த்து, புள்ளிப் புள்ளியாக வெல்டிங் வைத்துச் செய்தது அது. புள்ளிகளுக்கு நடுவே முடி நுழையும் அளவு இடுக்கு இருக்கும். மழைநீர் தந்துகிக் கவர்ச்சியால் அதற்குள் ஏறிவிடுகிறது. உள்ளே போன நீரிலிருந்த கொஞ்சம் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். இடுக்கு அத்தனை குறுகல் என்பதால் புதிதாக வந்து சேராது. இடுக்கின் வாயிலோ காற்று தாராளம். ஒரே தகடு, ஒரே நீர், ஆக்சிஜன் மட்டும் இரண்டு அளவு. இது போதும், ஒரு மின்கலம் உருவாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாகக் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே வாய்ப்பக்கம் ஓடி வருகின்றன. அங்கே ஆக்சிஜனும் நீரும் அவற்றை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடு ஆகின்றன. உள்ளிருந்து வரும் இரும்பு அயனியும் வெளியிலிருந்து வரும் ஹைட்ராக்சைடும் நடுவழியில் சந்திக்கும் இடத்தில் பழுப்பு படிகிறது. ஆக, கண்ணில் படும் துரு ஓரிடம், ஓட்டை விழுவது வேறிடம். கறையைத் தேய்த்துவிட்டு மேலே பெயின்ட் அடிப்பவர் ஓட்டையைத் தொடவே இல்லை.

உப்பு சேர்ந்தால் கதை வேகம் எடுக்கிறது. உள்ளே நேர்மின்னூட்டம் கொண்ட இரும்பு அயனிகள் பெருகப் பெருக, அதைச் சமன் செய்யக் குளோரைடு அயனிகள் இடுக்குக்குள் இழுக்கப்படுகின்றன. உருவாகும் இரும்புக் குளோரைடு நீருடன் வினைபுரிந்து அமிலம் தருகிறது. வெளியே பெய்தது சாதாரண மழைநீர். இடுக்குக்குள் இருப்பது அமிலம். அமிலம் இன்னும் இரும்பைக் கரைக்கிறது, கரைந்த இரும்பு இன்னும் குளோரைடை இழுக்கிறது. போதாக்குறைக்குத் துருவின் கன அளவு, அது உருவான இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு. அது தகடுகளை நெம்பிப் பிரித்து, அடுத்த மழைக்கு அகலமான வழி திறந்து வைக்கிறது. எந்தப் பூட்டும் தடுக்காமல், எஞ்சின் அணைந்து நிற்கும் வண்டியிலும் இரவும் பகலும் இது நடக்கும்.

சென்னைக்காரர்கள் இதில் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். தூய சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகும். கடற்காற்று கொண்டுவரும் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்குச் சுமார் 33 விழுக்காடே போதும். கடலோரத்தில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம் என்பதால், பெசன்ட் நகரில் நிற்கும் காரின் இடுக்குகள் மழையே இல்லாத மாதத்திலும் முழுதாகக் காய்வதில்லை. இரண்டு கார்கள் ஒரே நாளில் ஒரே ஆலையிலிருந்து வந்திருந்தாலும், கோயம்புத்தூரில் இருந்தது பிழைக்கவும் கடலோரத்தில் இருந்தது சாகவும் இந்த ஒரு காரணமே போதுமானது.

ஆக்சிஜன் குறைந்த இடத்தில்தான் இரும்பு கரைகிறது என்பதைத் தெளிவாக்கியவர்களில் முதன்மையானவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூலிக் எவான்ஸ். 1920-களில் அவர் மெருகிட்ட இரும்பின் மேல் ஒரு சொட்டு உப்புநீரை வைத்தார், இரும்பு கரையும் இடத்தை நீலமாகவும் ஹைட்ராக்சைடு உண்டாகும் இடத்தை இளஞ்சிவப்பாகவும் காட்டும் வேதிப்பொருள்களைச் சேர்த்து. காற்று எளிதில் எட்டும் விளிம்பு சிவந்தது. எட்டாத நடுப்பகுதி நீலமானது. வரலாறு இவ்வளவு போதும்.

இனி இந்தியக் கார்களைப் பார்ப்போம். வண்டலூர் ஆலையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சேஸிஸ் எனப்படும் தனிச் சட்டத்தின் மேல் உடற்பகுதிகளைப் போல்ட் போட்டு இறுக்கிய வண்டி. ஒரு பகுதி துருப்பிடித்தால் கழற்றி வேறு மாட்டலாம். மாருதி 800 அப்படியல்ல. அதற்குத் தனிச் சட்டமே கிடையாது. தரைத் தகடும் ரன்னிங் போர்டும் தூண்களும் கூரையும் ஒன்றோடொன்று வெல்டிங் செய்யப்பட்டு, உடலே சட்டமாக நிற்கிறது. எடை குறைந்ததும் மைலேஜ் கிடைத்ததும் அதனால்தான். ரன்னிங் போர்டு இற்றுப்போனால் வண்டியின் முதுகெலும்பு போனதாக அர்த்தம். எஞ்சினைப் பற்றிக் கவலையே வேண்டாம். அதே 796 சிசி எஞ்சின் குடும்பம் ஆம்னியிலும் ஆல்ட்டோவிலும் ஓடியது, உதிரி பாகம் கிடைக்கும். மாருதியின் ஆயுளைத் தீர்மானிப்பது தகடு.

இதற்கு மிகப் பெரிய சாட்சி முதல் மாருதி 800-தான். 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி அதன் சாவியை டெல்லியின் ஹர்பால் சிங்கிடம் கொடுத்தார். அவர் 2010-இல் இறக்கும்வரை அந்த வண்டியை விற்கவில்லை. அதன்பின் அது வீட்டுக்கு வெளியே தெருவோரம் நின்று துருவேறியது. இந்தியக் கார் வரலாற்றில் அதைவிட நல்ல பெயர் வெட்டிய வண்டி இல்லை. துருவுக்கு அது தெரியாது. பின்னர் நிறுவனமே அதைச் சீரமைத்துத் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. அந்த வசதி மற்ற 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குக் கிடைக்கப் போவதில்லை.

எண்ணிக்கையும் முக்கியம். 2014 ஜனவரி வரை தயாரான வண்டி இது. சாலையில் இன்னும் ஏராளம் ஓடுகின்றன. 1983 முதல் 1986 வரை வந்த முதல் உடலமைப்பு மட்டும் வேறு. அதிலேதான் அரிது என்ற பேச்சுக்கு இடமுண்டு. 1990-களில் வந்த வெள்ளை 800-ஐ அரிய பொருள் என்று விற்பவரிடம், இதே போன்ற வண்டி கடைசியாக எந்த விலைக்குக் கைமாறியது என்று கேளுங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலை வேறு, வாங்குபவர் கொடுத்த விலை வேறு.

சட்டமும் பொறுமை கேட்கிறது. 2021-இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு ஆன, உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிதான் விண்டேஜ். அப்படிப் பதிவானால் 'விஏ' எழுத்துள்ள தனி எண் கிடைக்கும். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு ஓட்டலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. முதல் மாருதிக்கே அந்தத் தகுதி 2033 டிசம்பரில்தான் வரும். 1995-இல் வாங்கியவர் 2045 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை எஃப்.சி., பசுமை வரி, காப்பீடு எல்லாம் கட்டியாக வேண்டும். 20 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் மேலும் உயர்ந்துவிட்டது.

கணக்கையும் போட்டுவிடலாம். 1983-இல் 800-இன் விலை சுமார் 48,000 ரூபாய். அந்தப் பணத்தை ஆண்டுக்கு 8 விழுக்காடு கூட்டு வட்டியில் போட்டிருந்தால் 40 ஆண்டில் சுமார் 10.4 லட்சம் ரூபாய் ஆகியிருக்கும். பராமரிப்புக்கு ஒரு பைசா செலவழிக்காமலே வந்திருக்கும் தொகை இது. சேமிப்பாகக் காரை வைத்திருந்தவர் ஜெயிக்க வேண்டுமானால் இதைத் தாண்டிய விலை கிடைக்க வேண்டும்.

ஆகவே கேள்வி கேட்டவர்கள் முதலில் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகலாம். ரன்னிங் போர்டிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. தரை விரிப்பைத் தூக்கி, ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். தகடு உறுதியாக இருந்து, முதல் உடலமைப்பு வண்டியாகவும் அசல் பாகங்களோடும் பழைய ஆவணங்களோடும் இருந்தால் கண்டிப்பாக வைத்திருங்கள். கதவடி வடிகால் துளைகளைச் சுத்தம் செய்து, பெட்டிப் பகுதிகளின் உள்ளே துருத்தடுப்பு மெழுகு அடித்து, கூரைக்கடியில் காற்றோட்டமாக நிறுத்துங்கள். திறந்தவெளியில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கும். அப்பாவின் நினைவுக்காக வைத்திருப்பவர்களுக்கும் இதே பராமரிப்புதான், விலையைப் பற்றி அவர்கள் யோசிக்கத் தேவையில்லை. இந்த இரண்டிலும் சேராத வண்டி என்றால், பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்து, வைப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.