மூலம்: வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய நோயல்ல



உடம்பில் வேறு எந்த இடத்தில் நோவு வந்தாலும் நாம் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறோம். "இடுப்பு புடிச்சிக்கிச்சு", "முட்டி வலிக்குது" என்று காலையில் பெரட்டுக்கு நிற்கும்போதே பேச்சு நடக்கும். ஆனால் வெளிக்குப் போகும்போது ரத்தம் விழுந்தால் மட்டும் கட்டின பெண்சாதியிடம் கூடச் சொல்வதில்லை. பெண்கள் இன்னும் மோசம். மாதக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கில் மறைத்து வைத்திருந்து, நடந்தால் மூச்சு வாங்குகிற நிலை வந்த பிறகுதான் கிளினிக்குக்குப் போகிறார்கள். அங்கே ரத்தத்தைச் சோதித்தால் பாதிக்குப் பாதி ரத்தம்தான் இருக்கிறது என்கிறார்கள்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? 1978 டிசம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு மூலம் முற்றி, தம் அலுவல்களைத் தள்ளி வைக்க வேண்டி வந்தது. அந்தச் செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அச்சாயிற்று. நாடாளும் மனிதருக்கு வந்ததை ஊரே அறிந்தபோது, குலை சுமக்கும் நமக்கு வந்ததை டாக்டர் ஒருவரிடம் சொன்னால் குடியா முழுகிப் போகும்?

மூலம் என்பது என்ன?

பலர் நினைப்பது போல் மூலம் என்பது வெளியிலிருந்து வந்து முளைத்த கட்டி அல்ல. தலையில் சுமை தூக்கும்போது துணியைச் சுருட்டிச் சும்மாடு வைக்கிறோம் அல்லவா? அதைப் போல ஆசனவாய்க்குச் சற்று உள்ளே, ரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற மூன்று திண்டுகள் எல்லா மனிதருக்கும் பிறவியிலேயே உண்டு. காற்றும் நீரும் நம்மை அறியாமல் கசிந்துவிடாமல் வாயை இறுக மூடி வைப்பதற்கு அவை உதவுகின்றன. நாள்தோறும் முக்கி முக்கி மலம் கழித்தால், இந்தத் திண்டுகளைத் தாங்கிப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்ந்து அறுகின்றன. திண்டுகள் ரத்தம் கட்டி வீங்கிக் கீழே சரிகின்றன. இதுதான் மூலம். பிரிட்டனில் தாம்சன் என்ற அறுவை மருத்துவர் 1975இல் இந்த விளக்கத்தை எழுதிய பிறகுதான், மூலத்தை வெறும் வீங்கின நரம்பு என்று எண்ணி வந்த பழைய எண்ணம் மாறியது.

முதலில் ரத்தம் மட்டும் விழும். பளிச்சென்ற சிவப்பாக, சொட்டுச் சொட்டாக, வலியே இல்லாமல் விழும். உள்மூலம் இருக்கும் இடத்தில் வலி அறியும் நரம்பு இல்லை. அதனால்தான் ஆள் சும்மா இருந்து விடுகிறார். அடுத்த கட்டத்தில் முக்கும்போது சதை வெளியே வந்து, எழுந்ததும் தானே உள்ளே போகும். மூன்றாவது கட்டத்தில் விரலால் தள்ளினால்தான் போகும். நாலாவதில் தள்ளினாலும் போகாது.

வெளிமூலம் வேறு மாதிரி. ஆசனவாயின் விளிம்பில் திடீரென்று ரத்தம் உறைந்து, நீலம் பாய்ந்த கடலை மாதிரி ஒரு கட்டி கிளம்பும். உட்கார முடியாது, படுக்க முடியாது, அப்படி வலிக்கும். இரண்டு மூன்று நாளுக்குள் டாக்டரிடம் போனால் சிறு கீறல் போட்டு உறைந்ததை எடுத்துவிடலாம். அந்த நாட்களைக் கடத்திவிட்டால் வலி தானே குறையத் தொடங்கும்; பிறகு கீறுவதில் பெரிய லாபமில்லை.

வெளிக்குப் போகும்போது கத்தியால் அறுத்த மாதிரி வலித்தால் அது பெரும்பாலும் மூலம் அல்ல, ஆசனவாய் வெடிப்பு. பக்கத்தில் ஓட்டை விழுந்து சீழ் வடிந்தால் அது பவுத்திரம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

நமக்கு ஏன் வருகிறது?

"சூட்டு உடம்பு, அதான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நம் வழக்கம். காரணம் நம் வேலையிலும் சாப்பாட்டிலும் இருக்கிறது. செம்பனைக் குலையைத் தூக்கி ஏற்றுகிறவர் மூச்சைப் பிடித்து முக்குகிறார். அந்த அழுத்தம் முழுக்கக் கீழே இறங்குகிறது. வெயிலில் வேர்த்து ஊற்றுகிற அளவுக்குத் தண்ணீர் குடிப்பதில்லை, அதனால் மலம் கல்லாகிறது. வெளிக்காட்டில் கக்கூஸ் கிடையாது. பெண்கள் வந்த உபாதையை அடக்கிக்கொண்டு வீடு திரும்பும் வரை காத்திருக்கிறார்கள். சிலர் அதற்குப் பயந்து தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். இதை நோயாளியின் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்காட்டுக்குப் பக்கத்தில் கக்கூஸ் கேட்பது சம்பள உயர்வு கேட்பதற்குக் குறைந்த கோரிக்கையல்ல.

பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வயிற்றுப் பாரத்தால் மூலம் வருவது சகஜம். பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கக்கூடும். அதற்காக மாத்திரையைக் குப்பையில் போடாதீர்கள்; நர்ஸிடம் சொல்லுங்கள், வழி சொல்வார்.

பெக்கான் நானாஸில் இருந்துகொண்டு அன்னாசியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? ஊர்ப் பெயரே அன்னாசிப் பட்டணம். பொந்தியான் மாவட்டத்து கம்புட் மண்ணில் வேறு பயிர் தயங்கினாலும் அன்னாசி தயங்காது. ஆனால் "அன்னாசி தின்னா மூலம் வரும், ரத்தம் கொட்டும்" என்று பழத்தின் மேல் பழி போடுகிறவர்கள் இங்கேயே உண்டு. அது சரியல்ல. அன்னாசியின் புளிப்பும் அதிலுள்ள புரோமலின் என்ற பொருளும் நாக்கை அரிக்கும். அதைப் பார்த்துத்தான் கீழேயும் அரிக்கும் என்று முடிவு கட்டினார்கள் போலிருக்கிறது. அன்னாசி மூலத்தை உண்டாக்காது. அதே நேரத்தில், அன்னாசி தின்றால் மூலம் தீரும் என்பதும் மிகை. 100 கிராம் அன்னாசியில் நார்ச்சத்து ஒன்றரை கிராம் அளவுதான். அதே எடை கொய்யாவில் 5 கிராமுக்கு மேல் உண்டு. வேலியோரம் காய்த்துத் தொங்கும் கொய்யாவை அணிலுக்கு விட்டுவிட்டு, மருந்துக் கடையில் காசு கொடுக்கிறோம்.

மிளகாயும் அப்படித்தான். காரம் மூலத்தை உண்டாக்காது. இருக்கிற புண்ணை எரிய வைக்கும். எரிந்தால் குறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவே.

வீட்டிலே செய்ய வேண்டியது

ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். வெள்ளைச் சோறும் கறிக்குழம்பும் மட்டும் தின்றால் இதில் பாதி கூடச் சேராது. சோற்றைக் கொஞ்சம் குறைத்து, கங்குங், கீரை, பயற்றங்காய், பருப்பு, கொண்டைக்கடலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பப்பாளி என்று கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். ஒரு வாரம் இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். சாப்பாட்டில் எட்டாவிட்டால் மருந்துக் கடையில் இசப்கோல் உமி கிடைக்கும். அதை நிறையத் தண்ணீரோடு சாப்பிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் அதுவே அடைத்துக்கொள்ளும். காட்டுக்குப் போகும்போது பெரிய போத்தலில் தண்ணீர் கொண்டு போங்கள். இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கக்கூஸில் உட்கார்ந்து தவம் செய்யாதீர்கள். அந்தக் காலத்தில் பத்திரிகை படித்தார்கள், இப்போது கைப்பேசி. அரை மணி நேரம் உட்கார்ந்தால் திண்டுகளில் ரத்தம் தேங்கும். ஐந்து நிமிஷத்தில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வரும்போது மறுபடி போகலாம். குந்தி உட்காரும் பழைய கக்கூஸில் மலம் சுலபமாக இறங்கும். நாற்காலி மாதிரிக் கக்கூஸ் உள்ள வீட்டில் காலடியில் ஒரு மணைப்பலகையைப் போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள்.

வலி, அரிப்பு இருந்தால் அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம் இடுப்பு நனைய உட்காருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை போதும். டெட்டோல் போன்ற கிருமிநாசினி எதையும் ஊற்ற வேண்டாம், தோல் வெந்து போகும். களிம்புகள் அரிப்பைக் குறைக்குமே தவிர மூலத்தைக் கரைக்காது. ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து பூசக் கூடாது.

ரத்தம் எல்லாம் மூலம் அல்ல

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. "எனக்கு மூலம்தான், ரொம்ப நாளா இருக்கு" என்று தானே முடிவு செய்துகொண்டு இருந்தவர்களில் சிலருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருந்திருக்கிறது. மலேசியாவில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் அது ஒன்று. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே அதுவே முதலிடம். ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்தலாம். மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம்.

ஆகவே ரத்தம் கருஞ்சிவப்பாக இருந்தால், மலத்தோடு கலந்து வந்தால், சளி போல வந்தால், சில வாரங்களாக மலம் போகும் வழக்கமே மாறியிருந்தால், உடம்பு காரணமில்லாமல் இளைத்தால், சோகை பிடித்தால், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தால் நாள் கடத்தாதீர்கள். மலம் தார் மாதிரிக் கறுத்து வந்தால் அது இரைப்பையில் ரத்தக் கசிவாக இருக்கலாம். இடுப்பு வலிக்கு அடிக்கடி மாத்திரை போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்றாலும், எது என்று டாக்டர் சொல்லட்டும்.

50 வயதைத் தாண்டியவர்களுக்கு, ரத்தம் எதுவும் தென்படாவிட்டாலும், மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டறியும் சோதனை அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் செய்யப்படுகிறது. ரத்தம் கண்ணுக்கே தெரிகிறவருக்கு அந்தச் சோதனை அல்ல, டாக்டரின் நேரடிப் பரிசோதனைதான் தேவை.

பெக்கான் நானாஸ் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. மலாயில் சொல்ல நா கூசினால் "புவாசிர்" என்ற ஒரு சொல் போதும், டாக்டருக்குப் புரிந்துவிடும். இடது பக்கமாகப் படுத்து முழங்காலை மடக்கச் சொல்வார். உறை போட்ட விரலாலும், சிறிய குழாய் ஒன்றாலும் பார்ப்பார். இரண்டு மூன்று நிமிஷ வேலை. தாய்மார்கள் பெண் டாக்டரைக் கேட்கலாம். இல்லாவிட்டால் நர்ஸ் கூட இருக்கச் சொல்லலாம். தேவைப்பட்டால் பொந்தியான் மருத்துவமனைக்கோ ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனைக்கோ கடிதம் தருவார்கள்.

"ஆஸ்பத்திரின்னா அறுத்துடுவாங்க" என்ற பயம் வேண்டாம். முதல் மூன்று கட்டங்களில் உள்ள உள்மூலத்துக்குப் பெரும்பாலும் கத்தியே தேவைப்படாது. வீங்கின சதையின் அடியில் ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள். ஆம், ரப்பர்தான்! டெட்ராய்ட் நகரத்து டாக்டர் பாரன் 1963இல் இந்த முறையை எழுதி வெளியிட்டார். பால்மரம் சீவிய நம் கைகளின் உழைப்பு இப்படியும் ஒரு வழியில் நமக்கே திரும்பி வருகிறது. வளையம் ரத்த ஓட்டத்தை நிறுத்துவதால், சதை வற்றி ஒரு வாரம் பத்து நாளுக்குள் வளையத்தோடு விழுந்துவிடும். மயக்க மருந்து வேண்டாம், அன்றே வீடு திரும்பலாம். விழும் சமயத்தில் கொஞ்சம் ரத்தம் வருவது இயல்பு. கடும் வலி, காய்ச்சல், சிறுநீர் இறங்காமை ஆகியவை வந்தால் மட்டும் உடனே திரும்பிப் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும், ரப்பர் கையுறை பட்டால் தடிக்கிறவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

நாலாம் கட்டத்துக்கும், வளையத்துக்கு அடங்காததற்கும் அறுவை உண்டு. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் மில்லிகன், மார்கன் என்ற இரு மருத்துவர்கள் 1937இல் வகுத்த முறை இன்றும் கையாளப்படுகிறது. இரண்டு வாரம் வலி இருக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மறுபடி வருவது குறைவு.

பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் "ஒரே ஊசியில் மூலம் பறக்கும்" விளம்பரங்களை நம்பிப் போகாதீர்கள். என்ன மருந்து என்று தெரியாமல் அந்த இடத்தில் ஊசி போட்டுக்கொண்டால் சதை அழுகும், வாய் சுருங்கும், மலத்தை அடக்கும் சக்தியே போய்விடும். சந்தையில் விற்கும் மாஜுன், ஜாமு வகைகள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு களவாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்திருக்கிறது. வாங்குவதானால் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக லீவு விஷயம். "எம்.சி. எடுத்தா பேரு அடிபடும்" என்று வளையம் போட்ட மறுநாளே குலை தூக்கப் போகாதீர்கள். பாரம் தூக்காத வேலை சில நாளைக்குத் தரும்படி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வருஷத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு லீவு உண்டு. அறுவைக்குப் பிறகு வீட்டில் ஓய்வெடுக்கும் நாட்களுக்கும் டாக்டர் எம்.சி. தருவார். லீவு தொடங்கின 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் வேலைக்கு வராத கணக்கில் சேரும். என்ன நோய் என்று மண்டோரிடம் விளக்க வேண்டியதில்லை, எம்.சி.யைக் கொடுத்தால் போதும். ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் பிடித்தால் அந்த நகலோடும் சம்பளச் சீட்டோடும் கிளைச் செயலாளரைப் பாருங்கள்.