எக்கோ ரிப்போர்ட்டில் ‘ஆர்.வி.எஸ்.பி. 51’... வலது இதய அழுத்தம் எதனால் கூடும், எதனால் தப்பாகத் தெரியும்?

லேசா மாடி ஏறினாலே மூச்சு வாங்குது, கால் வீங்குது என்று டாக்டரிடம் போனால், ஈ.சி.ஜி.யோடு எக்கோவும் எழுதித் தருகிறார்கள். ரிப்போர்ட்டில் ‘ஆர்.வி.எஸ்.பி. 51’, ‘மைல்டு பி.ஏ.ஹெச்.’ என்று இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் பதற்றம். ஆனால் அந்த எண் நேரடியாக அளந்தது அல்ல, கணக்குப் போட்டு எடுத்தது என்பது பலருக்குத் தெரியாது.

அப்படின்னா என்ன?

இதயத்தின் வலது பக்கம் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பி.பி. இடது பக்கத்தின் அழுத்தம். வலது பக்கத்தை அப்படிப் பார்க்க முடியாது. வலது இதயம் சுருங்கும்போது ‘ட்ரைகஸ்பிட்’ வால்வு வழியாகக் கொஞ்சம் ரத்தம் பின்னால் கசியும். ஆரோக்கியமானவர்களுக்கும் இந்தக் கசிவு இருக்கும், ‘டிரிவியல் டி.ஆர்.’ என்று போட்டிருப்பது இதைத்தான். தோட்டத்து ஹோஸ் பைப்பில் அழுத்தம் கூடினால் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும் அல்லவா? அதுபோல, கசிவின் வேகத்தை வைத்து உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் கணக்கிடுகிறார்கள்.

கணக்கு எப்படி?

வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 4-ஆல் பெருக்க வேண்டும். நொடிக்கு 3 மீட்டர் என்றால் 36. அதோடு வலது மேலறை அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அதுவும் மதிப்பீடுதான். வயிற்றிலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய் 2.1 செ.மீ.க்குள் இருந்து, மூக்கை உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் 3. விரிந்து, சுருங்காமல் நின்றால் 15. இரண்டுக்கும் நடுவில் என்றால் 8. ஆக, ஒரே வேகத்துக்கு 39-ம் வரலாம், 51-ம் வரலாம்!

வேகம் 3-க்குப் பதில் 3.3 என்று பதிவானால் 36 என்பது 43.6 ஆகிவிடும். அளவில் 10 சதவீதம் பிசகினால், கணக்கில் சுமார் 20 சதவீதம் பிசகும்.

எதனால் தப்பாகத் தெரியும்?

அல்ட்ராசவுண்ட் கதிர் கசிவுக்கு நேராக இல்லாமல் சாய்ந்தால் வேகம் குறைவாகப் பதிவாகும். பீடி, சிகரெட்டால் நுரையீரல் காற்றடைத்து உப்பியவர்களுக்குப் படமே தெளிவாக விழாது. இந்த டெஸ்ட் அதிகம் தேவைப்படுவதே அவர்களுக்குத்தான் என்பது சோகம். கசிவே இல்லையென்றால் கணக்குப் போட முடியாது. அதற்காக அழுத்தம் நார்மல் என்று அர்த்தமில்லை. கசிவு மிக அதிகமானாலும் கணக்கு நம்பகமாக இருக்காது.

எதனால் நிஜமாகவே கூடும்?

வயது, உடல் எடை, பி.பி. கூடக்கூட இதுவும் கொஞ்சம் கூடும். ரத்தசோகை, தைராய்டு அதிகம், கர்ப்பம் போன்ற நேரங்களில் ரத்த ஓட்டம் கூடுவதால் எண்ணும் ஏறலாம். டயாலிசிஸுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்றும் இருக்கும்.

நோய் என்று பார்த்தால், மிகப் பொதுவான காரணம் இடது இதயக் கோளாறு: பலவீனமான இதயம், மைட்ரல் வால்வு சுருக்கம். அடுத்தது நுரையீரல். சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இதைக் கவனிக்க வேண்டிய காரணம் இருக்கிறது. போர்வெல் ரிக், கல்குவாரி வேலையில் மூச்சில் போகும் கல்தூசி நுரையீரலைத் தழும்பாக்கினால், வலது இதயம் எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும். விறகடுப்புப் புகையும் அப்படித்தான். லாரி ஓட்டுபவர்களுக்கு இரண்டு விஷயம்: எடை கூடி, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்பது, மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருப்பதால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது.

எண் குறைந்தால் நல்லதுதானே?

எப்போதும் இல்லை. வலது இதயம் களைத்துப்போனால் அழுத்தம் கொடுக்கவே முடியாமல் எண் இறங்கும். அதனால்தான் வலது கீழறை வீங்கியிருக்கிறதா, எவ்வளவு அசைகிறது (‘டாப்ஸி’ 17 மி.மீ.க்குக் கீழ் என்றால் கவலை) என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

2022-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல், மொத்த எண்ணைவிடக் கசிவு வேகத்தைப் பார்க்கச் சொல்கிறது. 2.8 வரை சந்தேகம் குறைவு, 3.4-க்கு மேல் அதிகம். இடையில் இருந்தால் மற்ற அறிகுறிகள் முடிவு செய்யும். உறுதியாகச் சொல்வது, ரத்தக்குழாய் வழியே டியூப் விட்டு அளக்கும் கதீட்டர் பரிசோதனைதான். எல்லோருக்கும் அது தேவைப்படாது.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

* டி.ஆர். வேகம் எவ்வளவு? மேலறை அழுத்தம் எவ்வளவு என்று எடுத்தார்கள்?
* வலது இதயம் வீங்கியிருக்கிறதா?
* காரணம் இடது இதயமா, நுரையீரலா, ரத்தக்கட்டியா?

தூசி வேலை, குறட்டை, புகைப்பழக்கம் பற்றி நீங்களாகவே சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். காரணம் தெரியாமல் ‘நுரையீரல் பிரஷர் மாத்திரை’யை யாரோ சொன்னார்கள் என்று வாங்கிச் சாப்பிட வேண்டாம், இடது இதயக் கோளாறால் வந்த அழுத்தத்துக்கு அந்த மாத்திரைகள் பரிந்துரைக்கப்படுவதில்லை. திடீர் மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் வந்தால் ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.