ஈயச் சுரங்கத்தின் சிவப்புத் தேநீர்

சுங்கை வே என்றதும் பெட்டாலிங் ஜெயாக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பீர் ஆலைதான். 1960-களின் நடுவிலிருந்து அது அங்கே நிற்கிறது. அதற்கு முன்பே அந்த வட்டாரத்தை வளர்த்தது ஈயம். இன்று சன்வே லகூன் பூங்கா இருக்கும் பள்ளம், ஈயம் தோண்டித் தோண்டி உண்டானது. சன்வே குழுமமே 1974-இல் ஒரு சிறிய ஈயச் சுரங்க நிறுவனமாகத் தொடங்கியதுதான். கிள்ளான் பள்ளத்தாக்கின் இத்தகைய சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களின் அன்றாடப் பானம் லியூ பாவ் என்ற கறுத்த தேயிலை. சிவப்பு ஒயினைப் பத்து, இருபது ஆண்டுகள் வைத்திருந்து குடிக்கும் ரசிகர்கள் அதில் எதைத் தேடுகிறார்களோ, அதில் பெரும்பகுதி இந்த மலிவான தேநீரில் இருக்கிறது. மதிப்பில்லாமல் கிடந்ததே இந்தத் தேயிலைக்கு நல்லதாகப் போயிற்று என்றுகூடச் சொல்லலாம்.

லியூ பாவ், சீனாவின் குவாங்சியில் வூச்சோ நகரை அடுத்த ஓர் ஊர். அங்கே பறிக்கும் இலையை இரும்புச் சட்டியில் வாட்டி, கசக்கி, குவித்துப் புழுங்க வைத்து, மீண்டும் கசக்கி, பைன் விறகுத் தணலில் உலர்த்துவது பழைய முறை. பிறகு ஆவியில் இளக்கி, நாற்பது ஐம்பது கிலோ பிடிக்கும் மூங்கில் கூடைகளில் இறுக்கித் திணிப்பார்கள். 1953-இல் தொடங்கிய வூச்சோ தேயிலை ஆலை இதைப் பெரிய அளவில் செய்தது. குவியலில் தண்ணீர் தெளித்து நுண்ணுயிர்களை வேலை செய்ய விடும் முறை 1950-களின் இறுதியிலேயே அங்கே வந்துவிட்டது. யுன்னானின் பு-அர் தேயிலைக்கு அது 1970-களில்தான் வந்தது. புகழ் என்னவோ பு-அருக்கே போயிற்று. கூடைகள் ஆற்று வழியே குவாங்சோவுக்கும் ஹாங்காங்குக்கும் போய், அங்கிருந்து கப்பலில் மலாயா வந்தன. சுரங்கங்களில் பெரிய பாண்டங்களில் காய்ச்சி வைத்திருப்பார்கள். வெயிலில் நின்றவர்கள் மொண்டு குடித்தார்கள். உடம்புச் சூட்டையும் ஈரத்தையும் அது எடுத்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம்மவர்களோ பெரும்பாலும் ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். 1929-இல் போ தேயிலை நிறுவனம் உருவான பிறகு கேமரன் மலையில் தேயிலையும் பறித்தார்கள். கேமரன் தேயிலையும் லியூ பாவும் ஒரே இனச் செடியின் இலைதான். ஆனால் ஒன்று தூளாகிப் பாலும் சீனியும் சேர்ந்து தே தாரிக் ஆனது. மற்றொன்று கூடைக்குள் கிடந்து மூப்படைந்தது. இரண்டு இனத்தாரும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தும், ஒருவர் கோப்பை மற்றவருக்கு அவ்வளவாகப் பழகவில்லை.

மூப்பு என்ன செய்கிறது? புதுத் தேயிலையின் துவர்ப்புக்கும் கசப்புக்கும் பெரிதும் காரணம் கேட்டகின் என்ற பொருள்கள். காற்றும் நுண்ணுயிர்களும் சேர்ந்து அவற்றைப் பெரிய மூலக்கூறுகளாக மாற்றுகின்றன. அதனால் சாறு கருஞ்சிவப்பாகிறது, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு அடங்குகிறது. சிவப்பு ஒயினிலும் ஏறக்குறைய இதே போக்குதான். திராட்சைத் தோலின் டானின்கள் ஒன்றோடொன்று பிணைந்து மென்மையாகின்றன. பழ வாசனை ஒதுங்க, காய்ந்த இலை, ஈர மண், பதனிட்ட தோல் வாசனைகள் எழுகின்றன. நல்ல பழைய லியூ பாவில் எழும் வாசனையைச் சீனர்கள் பாக்கு மணம் என்பார்கள். தாம்பூலம் தரித்த பாட்டிமாரோடு வளர்ந்த வீடுகளில் இதற்கு விளக்கம் தேவையில்லை. நம் சமையலறைக்கும் மூப்பின் அருமை புதிதல்ல: உப்பிட்ட நாரத்தங்காய் ஆண்டுக்கணக்கில் கறுத்துக் கிடந்த பிறகுதான் வயிற்றுக்கு ஏற்றதென்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறோம்.

தட்பவெப்பத்தில்தான் ஒயினும் லியூ பாவும் பிரிகின்றன. ஒயின் நெடுங்காலம் கிடக்க 12 முதல் 14 டிகிரி வரை குளிர்ச்சி வேண்டும். கோலாலம்பூரின் சராசரி வெப்பம் 27 டிகிரிக்கு மேல். ஈரப்பதமோ 80 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இங்கே பழைய ஒயின் சேர்ப்பவர் ஆண்டு முழுவதும் குளிர்ப்பெட்டிக்கு மின்கட்டணம் கட்டியாக வேண்டும். லியூ பாவுக்குக் கடை மாடியே போதும். மிதமான வெக்கையும் காற்றில் உள்ள ஈரமும் அந்த மாற்றங்களை விரைவுபடுத்துகின்றன. அதனால்தான் மலேசியாவில் கிடந்த கூடைகளுக்கு இன்று சீனச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு இருக்கிறது.

அந்தக் கூடைகள் இங்கே கிடந்ததற்குக் காரணம் ஒரு வீழ்ச்சி. ஈய விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக ஈய மன்றம் 1985 அக்டோபரில் பணமின்றி நொடித்தது. ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. குடிக்க ஆளில்லாமல் போன சரக்கு வணிகர்களின் கிடங்குகளில் தங்கிவிட்டது. அன்று அதற்கு நல்ல விலை இருந்திருந்தால் உடனே விற்றுத் தீர்ந்திருக்கும், இருபது முப்பது ஆண்டு மூப்பு என்ற பேச்சே எழுந்திருக்காது. ஒயின் உலகிலும் இதற்கு ஓர் இணை உண்டு. ஸ்பெயினின் ரியோஹாவில், ஆரோ நகரில் 1877-இல் தொடங்கிய லோப்பஸ் தே எரேதியா நிறுவனம் பழைய பீப்பாய்களில் பல ஆண்டுகள் வைத்திருந்தே ஒயினை விற்கிறது. 1990-களில் ஊரெல்லாம் கறுத்து அடர்ந்த, புது ஓக் வாசனை தூக்கலான ஒயினுக்குப் பின்னால் ஓடியபோது இது காலாவதியான பாணியாகத் தெரிந்தது. அந்த அலட்சியத்தால், பொறுமையுள்ளவர்களுக்கு நெடுநாள் நியாயமான விலையில் அது கிடைத்துவந்தது.

லியூ பாவின் பெருமையை மறுப்பவர்கள் முதலில் சொல்வது, அது பூஞ்சை நாற்றம் அடிக்கிறது என்பது. பல நேரம் அது உண்மைதான். தரையில், ஒழுகும் கூரைக்குக் கீழே கிடந்த கூடை கெட்டுத்தான் போகும். அதைப் பழமை என்று விற்பது மோசடி. இலைமேல் சில வேளை படரும் மஞ்சள் பொடி போன்ற பூஞ்சையைச் சீனர்கள் பொன்பூ என்று விரும்புகிறார்கள். வெள்ளை, பச்சை, கறுப்புப் பூஞ்சை வேறு. அவற்றைக் கண்டால் தூக்கி எறிவதே சரி. ஈர மண் வாசனைக்கும் அழுகல் வாசனைக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மூன்று கோப்பையில் பிடிபட்டுவிடும். கொழுப்பைக் கரைக்கும், சர்க்கரையைக் குறைக்கும் என்று கடைக்காரர் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். குடிப்பதற்கு மருந்துக் காரணம் எதற்கு?

கூலிக்காரர் தேநீருக்கு இத்தனை புராணமா, இதுவும் பணக்காரர் மோகம்தானே என்று கேட்பதில்தான் கனம் அதிகம். 2007-இல் பு-அர் விலை ஊதி ஏறி, அதே ஆண்டில் உடைந்து விழுந்ததைப் பார்த்தவர்கள் எச்சரிக்கையாக இருப்பது நியாயம். 2022-இல் யுனெஸ்கோ சீனாவின் மரபுத் தேயிலைக் கலையைத் தன் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது லியூ பாவும் அதில் இருந்தது. விலை ஏற்றுவோருக்கு அதுவும் ஒரு சாக்கு. ஆனால் மோகம் மிகப் பழைய கூடைகளைத்தான் சுற்றுகிறது. பொட்டலத்தில் எழுதிய ஆண்டைச் சரிபார்க்க வாங்குபவருக்கு வழியே இல்லாதபோது, ஐம்பது ஆண்டுச் சரக்கு என்ற சொல்லுக்குப் பணம் கொடுப்பது வீண். வூச்சோ ஆலைகளின் பத்துப் பதினைந்து ஆண்டுத் தேயிலையில் துவர்ப்பு ஏற்கெனவே அடங்கியிருக்கும். விலையும் சேகரிப்பாளர் கைக்குள் போயிருக்காது. கிள்ளானில் பாக் குட் தே என்னும் பன்றி எலும்புச் சாறு விற்கும் கடைகளில் இறைச்சிக் கொழுப்புக்கு ஈடாகக் கடுந்தேநீர் வைப்பது வழக்கம். அங்கே லியூ பாவும் கிடைக்கும். வீட்டிலென்றால் ஒரு சிட்டிகைக்குச் சற்று மேல் இலை, கொதிக்கும் தண்ணீர். முதல் ஊற்றைக் கொட்டிவிட்டு அடுத்ததிலிருந்து குடிக்கலாம். ஏழெட்டு முறை ஊற்றினாலும் நிறம் விடும். சாறு வெளுத்த பிறகு மிஞ்சிய இலையைச் சட்டியில் போட்டு, சுரங்கத்தில் செய்ததுபோலவே கொதிக்க வைக்கலாம். பால் வேண்டாம்.