எத்தனை மூட்டை என்று மட்டும் கேட்காதீர்கள்

வங்கியில் இருந்தபோது உழவர்களிடம் அடிக்கடி கேட்ட பேச்சு இது: "வெளியில ரெண்டு வட்டிக்கே தர்றாங்க சார், நீங்க ஏழு சொல்றீங்களே!" வெளியில் சொல்லும் இரண்டு, நூறு ரூபாய்க்கு மாதத்துக்கு. வங்கியின் ஏழு, ஆண்டுக்கு. இரண்டை பன்னிரண்டால் பெருக்கினால் 24. பயிர்க்கடன் 3 லட்சம் வரை 7 சதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதம்தான். லட்ச ரூபாய்க்கு ஓர் ஆண்டில் வெளியே 24,000, இங்கே 4,000. எண் பொய் சொல்லவில்லை. அதன் பின்னால் நிற்கும் அலகை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வேளாண்மைக்கு வந்த பிறகு இதே கதையை வயலிலும் பார்க்கிறேன்.

மூட்டைக் கணக்கு

நம் கூட்டங்களில் ஒருவர் எழுந்து "ஏக்கருக்கு முப்பது மூட்டை கண்டேன்" என்பார். எந்த மூட்டை? ஓர் ஊரில் 60 கிலோ, இன்னோர் ஊரில் 75 கிலோ. முப்பது மூட்டையில் 450 கிலோ வித்தியாசம்! நேரடி கொள்முதல் நிலையத்திலோ 40 கிலோ சிப்பம். டெல்டாக்காரர் "மாவுக்குப் பத்து" என்பார். மா என்பது நூறு குழி, ஏறத்தாழ 33 சென்ட். ஆக அவர் சொல்வதும் ஏக்கருக்கு முப்பதுதான்.

கிலோவில் சொன்னாலும் போதாது, ஈரப்பதம் இருக்கிறது. பக்கத்து வயல்காரர் அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கிய நெல்லை அப்படியே எடை போடுகிறார். 20 சத ஈரத்தில் 1,800 கிலோ. நாமோ பாரம்பரிய ரகத்தை அரிசியாக்கி விற்பவர்கள். 14 சதத்துக்குக் காயவைத்து, அதன் பிறகு எடை போடுகிறோம். அவர் நெல்லையும் அதே அளவு காயவைத்தால் 1,674 கிலோதான் நிற்கும். போன 126 கிலோவும் தண்ணீர். இது தெரியாமல் "இயற்கையில விளைச்சல் கம்மிதான்" என்று நாமே தலையாட்டிவிட்டு வருகிறோம். ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் இருவர் நெல்லையும் ஒரே ஈரத்துக்குக் கொண்டுவந்துதான் ஒப்பிட வேண்டும்.

மழைக் கணக்கு

"நேத்து ஒரு உழவு மழை" என்பது நல்ல அளவுதான். மண்ணைப் பார்த்துச் சொல்வது அது. கூடவே மில்லிமீட்டரையும் குறித்து வையுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். 10 மி.மீ. பெய்தால் உங்கள் ஏக்கரில் 40,000 லிட்டருக்கு மேல் விழுந்திருக்கிறது. பத்தாயிரம் லிட்டர் லாரியில் நான்கு நடை! வரப்பை உயர்த்துவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? அளக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்து, நின்ற நீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்தால் போதும்.

மண்ணின் புள்ளிக் கணக்கு

மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் 0.4 என்று இருந்தது, மூன்று ஆண்டு கழித்து 0.5 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். "இவ்வளவு பாடுபட்டு அரைக்கால் புள்ளிகூட ஏறலையே" என்று சோர்ந்து போகிறோம். மேல்மண் 15 செ.மீ. ஆழத்துக்கு ஓர் ஏக்கரில் சுமார் 9 லட்சம் கிலோ இருக்கும். அதில் 0.1 சதம் என்பது 900 கிலோ கரிமம். பலதானியமும் மூடாக்கும் தொழுவுரமும் சேர்த்து வைத்த முதல் அது. ஆனால் ஒரு நிபந்தனை: இரண்டு முறையும் ஒரே ஆழத்தில் மண் எடுத்திருக்க வேண்டும். மேலாகச் சுரண்டி எடுத்தால் எண் கூடத்தான் காட்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பரப்பைச் சென்ட்டிலும், விளைச்சலைக் கிலோவிலும், எடை போட்ட அன்றைய ஈரத்தையும், மழையை மி.மீ.இலும் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் யாராவது "முப்பது மூட்டை" என்றால், மரியாதையாகக் கேளுங்கள்: "எத்தனை கிலோ மூட்டைங்க அண்ணே? காய்ஞ்சதா, ஈரமா?" நமக்கு வரும் பதில் இயற்கை வேளாண்மைக்குச் சாதகமாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அந்த எண்ணை நம்பி அடுத்த போகத்தைத் திட்டமிடலாம்.