உங்களுக்குத் தெரியுமா? 23-லேயே எச்சரிக்கை மணி!

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), புதுச்சேரியில் 15–49 வயதினரில் பத்தில் நான்கு பேருக்கு மேல் உடல் நிறைக் குறியீட்டெண் (பி.எம்.ஐ.) 25-ஐ எட்டிவிட்டது.

• உலக அளவுகோலில் 25 முதல்தான் அதிக எடை. இந்தியருக்கோ 23-லேயே அதிக எடை. 25 என்றால் உடல்பருமன்.

• ஏன்? ஒரே பி.எம்.ஐ. இருந்தாலும் இந்தியருக்கு உடல் கொழுப்பு கூடுதலாக இருக்கக்கூடும். 2004-ல் ‘லான்செட்’ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டனின் யுட்கினும் தங்களையே ஒப்பிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, உடல் கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2%, யுட்கினுக்கு 9.1%!

• கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இருமுறை வகுத்தால் பி.எம்.ஐ. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 59 கிலோவுக்குள் இருப்பது நல்லது.

• இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ.யைத் தாண்ட வேண்டாம். மூச்சை விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி அளந்து பாருங்கள்.

• மாலையில் வண்டிகள் ஓடாத புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் குடும்பத்தோடு கைவீசி நடங்கள்!