வண்ண மீன் வளர்க்கும் அறையில் ஈரமும் பூசணமும்

சிறு நிலம் வைத்திருப்பவர்களுக்குக் கைச்செலவுக்கு உதவக்கூடிய உபதொழில்களில் வண்ண மீன் வளர்ப்பும் ஒன்று. சென்னை கொளத்தூரில் இது பெரிய வியாபாரமாகவே வளர்ந்துள்ளது. கிராமங்களிலும் வீட்டின் ஓர் அறையில் ஏழெட்டுக் கண்ணாடித் தொட்டிகளை வைத்து ஆரம்பிப்பவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் அந்த அறையின் சுவரில் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் படர்கிறது. தீவன டப்பாவைத் திறந்தால் முடை நாற்றம் அடிக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

தொட்டி நீர் இரவு பகலாக ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு என்பதை விவசாயிகள் தாங்களே கண்டுகொள்ளலாம். நீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, மறுநாள் அதே நேரத்தில் எத்தனை மில்லி மீட்டர் இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லி மீட்டர் குறைந்தால் ஒரு லிட்டர் நீர் காற்றில் கலந்துவிட்டது என்று கணக்கு. 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள எட்டுத் தொட்டிகளில் 3 மில்லி மீட்டர் இறங்கினால் சுமார் 10 லிட்டர் ஆகிறது. ஆனால் 12 அடிக்கு 10 அடி அறையில், உயரமும் 10 அடி என்றால், 28 டிகிரி வெப்பத்தில் காற்று சுமார் ஒரு லிட்டர் நீரைத்தான் தாங்கும். மீதி நீர் வெளியேற வழியில்லாவிட்டால் குளிர்ந்த சுவரிலும் பரணில் உள்ள மூட்டையிலும்தான் படியும்.

ஆகவே முதல் வேலை தொட்டிகளை மூடுவது. கண்ணாடித் துண்டை மேலே வைத்து, ஓரத்தில் விரல் அளவு இடைவெளி விட்டால் போதும். காற்றுப் பம்பு ஓடுகிற வரை மீனுக்கு மூச்சு முட்டாது. குமிழி உடைந்து தெறிக்கும் நீரும், துள்ளி விழும் மீனும்கூட மிச்சம். நீரைச் சூடாக்கும் கருவி போட்டிருந்தால் மூடி அவசியம். வெந்நீர் வேகமாக ஆவியாகும்.

இரண்டாவது காற்றோட்டம். மின்விசிறி போட்டால் அறை காய்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். திறந்த தொட்டிமேல் சுழலும் விசிறி ஆவியாதலை அதிகப்படுத்துமே ஒழிய ஈரத்தை வெளியேற்றாது. காற்றை வெளியே தள்ளும் விசிறியைச் சுவரின் மேல்பகுதியில் பொருத்தி, எதிர்ச் சுவரில் தாழ்வாக ஒரு திறப்பு விட வேண்டும். மழை நாளிலும் இதை ஓட்டலாம். வெளியே ஈரமாகத் தோன்றினாலும், அறை வெளியைவிட வெதுவெதுப்பாக இருக்கும் வரை, உள்காற்றைவிடக் குளிர்ந்த வெளிக்காற்றில் நீர் குறைவாகவே இருக்கும். தொட்டிகளைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைப்பது நல்லது. மின்கம்பி தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்குப் போகாமல், நடுவில் தாழ்ந்து தொங்கி மேலேற வேண்டும். இல்லையேல் கம்பி வழியே வடியும் நீர் பிளக்குக்குள் போய்ச் சேரும்.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூசணம் அல்ல. ஒரு சொட்டு நீர் பட்டுக் கரைந்தால் அது உப்பு. பூசணமாக இருந்தால் உலர்ந்த துடைப்பத்தால் தேய்க்கக் கூடாது. வித்துக்கள் அறை முழுவதும் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்தபின் சுண்ணாம்பு அடிக்கலாம். தொட்டி இருக்கும் அறையில் பிளீச்சிங் பவுடர் வேண்டாம். குளோரின் சிறிதளவு நீரில் கலந்தாலும் மீன் செத்துவிடும்.

சுவர்ப் பூசணம் மீனைத் தொற்றுவதில்லை. மீனின் புண்ணிலும் செத்த முட்டையிலும் பஞ்சு போல் வளர்வது நீரில் வாழும் வேறு இனம். மீனுக்கு உண்மையான ஆபத்து தீவன டப்பாவில்தான் இருக்கிறது. கடலைப் புண்ணாக்கும் தவிடும் சேர்ந்த தீவனத்தில் ஈரம் ஏறினால் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் வளர்ந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தது இந்த நஞ்சு ஏறிய கடலைப் புண்ணாக்கினால்தான். மீனில் இது ஈரலைக் கெடுக்கும். உடனே சாகாது, இரை எடுப்பது குறையும், வளர்ச்சி நிற்கும். வளர்ப்பவர் தண்ணீரைக் குறை சொல்லி மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருப்பார்.

வாரம் பத்து நாளுக்குத் தேவையான தீவனத்தை மட்டும் இறுக மூடும் டப்பாவில் எடுத்துக்கொண்டு, மீதியைத் தொட்டி இல்லாத வேறு அறையில் பலகைமேல் வைக்க வேண்டும். வீட்டில் பிழிந்து செய்யும் தீவனம் ஒடித்தால் படக்கென்று முறியும் அளவுக்குக் காய வேண்டும். தொட்டியில் விட்ட ஈரக் கையை டப்பாவில் விடும் பழக்கமே பல வீடுகளில் தீவனம் கெடக் காரணம். உலர்ந்த கரண்டி ஒன்றை டப்பாவிலேயே போட்டு வைக்கலாம்.

பூசணம் பிடித்த தீவனத்தை வெயிலில் உலர்த்திப் போடுவது தவறு. பூசணம் காயும், நஞ்சு அப்படியே நிற்கும். வேக வைத்தாலும் போகாது. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று கோழிக்கும் போடக் கூடாது. கறவை மாட்டுக்குப் போட்டால் அந்த நஞ்சு மாறிய உருவில் பாலிலும் இறங்கும். அதைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, டப்பாவைக் கழுவி நல்ல வெயிலில் காய வைத்த பிறகே புதுத் தீவனத்தைக் கொட்ட வேண்டும்.